கவுன்சில் காசு குடுத்து வாங்குறது நிமிஷத்தை: அலைடு ஹெல்த்கேர் 2018, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 நவம்பர் 5, திங்கக்கிழமை. இங்கிலாந்துல வயசானவங்க, உடம்பு முடியாதவங்க பராமரிப்புக்கு பொறுப்பா அப்போ 152 கவுன்சில், அதாவது உள்ளாட்சி அமைப்பு, இருந்துச்சு. அதுல 84 கவுன்சிலுக்கு சி.க்யூ.சி, அதாவது கேர் குவாலிட்டி கமிஷன்ங்கிற பராமரிப்புத் துறை கண்காணிப்பு அமைப்பு, ஒரே நாள்ல ஒரு எச்சரிக்கை அனுப்புது. அலைடு ஹெல்த்கேர்ங்கிற கம்பெனி உங்க ஊர்ல சேவையை நிறுத்திடுற நிலைமை வரலாம், நவம்பர் 30-க்கு அப்புறம் அவங்ககிட்ட பணம் இருக்கும்னு எங்களுக்கு உறுதி கிடைக்கல, மாற்று ஏற்பாடு பண்ணிக்கோங்க. விஷயம் இவ்வளவுதான். அந்த கம்பெனியோட கேரர்ஸ் காலைல வந்து எழுப்பி குளிப்பாட்டி மாத்திரை குடுத்துட்டு போறதை நம்பி வீட்ல படுத்திருந்தவங்க கிட்டத்தட்ட 9,300 பேர்.

நான் அப்போ ஒரு சின்ன ஹோம்கேர் கம்பெனில கோஆர்டினேட்டரா இருந்தேன், ரோட்டா போடுறது (எந்த கேரர் எந்த நேரம் எந்த வீட்டுக்குங்கிற அட்டவணை), கேரர் வரலைன்னா ஆள் தேடுறது, ராத்திரி ஆன்-கால் ஃபோனை தலைமாட்டுல வச்சுக்கிட்டு தூங்குறது, இதுதான் வேலை. அந்த வாரம் முழுக்க கவுன்சில்லேர்ந்து ஒரே கேள்விதான் வந்துச்சு, உங்ககிட்ட எவ்வளவு கெபாசிட்டி இருக்கு, எத்தனை பேரை எடுத்துப்பீங்க, எந்த போஸ்ட்கோட்ல எடுத்துப்பீங்க. இருந்த கேரர்ஸே போதாம நாங்க தவிச்சிட்டு இருந்த நேரம் அது. அன்னைலேர்ந்து என் மனசுல ஒரு கேள்வி இருக்கு, இவ்வளவு பெரிய பொறுப்பை கவுன்சில் எப்படி வெளி ஆள் கைல குடுக்குது, குடுக்குறப்போ என்னத்தைத்தான் வாங்குது? இந்த ஒரு நிகழ்வை வச்சு எனக்கு தெரிஞ்சதை எழுதுறேன்.

முன்னாடி எப்படி இருந்துச்சு

1980-கள் வரைக்கும் இங்க வீட்டுக்கு வந்து பார்த்துக்கறவங்க பெரும்பாலும் கவுன்சிலோட சொந்த ஊழியர்கள், பேரு 'ஹோம் ஹெல்ப்'. 1990-ல ஒரு சட்டம் வந்துச்சு, என்.ஹெச்.எஸ் அண்ட் கம்யூனிட்டி கேர் ஆக்ட், அது முழுசா நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல்ல. மத்திய அரசு அப்போ கவுன்சிலுக்கு குடுத்த சிறப்பு மானியத்துல 85 சதவீதத்தை வெளி நிறுவனங்கள்கிட்டதான் செலவு பண்ணணும்னு நிபந்தனை போட்டாங்க. அதனால இந்த மாற்றம் தானா நடந்ததில்ல, பணத்தை அந்த பக்கம் திருப்பி விட்டாங்க, எல்லாரும் அந்த பக்கம் போனாங்க. 20 வருஷத்துல நிலைமை தலைகீழாச்சு. 1993-ல கிட்டத்தட்ட எல்லா வீட்டுப் பராமரிப்பு நேரத்தையும் கவுன்சிலே குடுத்துச்சு, 2012 வாக்குல பத்துல ஒன்பது பங்கு வெளி கம்பெனிகள் கைல போயிடுச்சு.

எப்படி வாங்குறாங்க

ஒருத்தருக்கு உதவி வேணும்னா கவுன்சிலோட சோஷியல் வொர்க்கர் வந்து பார்த்து தேவையை எழுதுவாங்க, இவருக்கு ஒரு நாளைக்கு நாலு கால், காலைல 45 நிமிஷம், மத்தியானம் 30, சாயங்காலம் 30, படுக்க வைக்க 30, ஆள் கனமா இருந்தாலோ ஹோய்ஸ்ட்ங்கிற தூக்கு மெஷின்ல தூக்கணும்னாலோ டபுள்-அப், அதாவது ரெண்டு கேரர். (இங்க 'கால்'னா ஃபோன் இல்ல, ஒரு தடவை வீட்டுக்கு போயிட்டு வர்றதுதான் ஒரு கால்.) இது மொத்தமும் சேர்ந்தது ஒரு கேர் பேக்கேஜ். இதை கவுன்சில்ல ப்ரோக்கரேஜ்னு ஒரு டீம், ஏற்கனவே டெண்டர்ல ஜெயிச்சு ஃப்ரேம்வொர்க் லிஸ்ட்ல இருக்கற கம்பெனிகளுக்கு அனுப்புவாங்க. யார் முதல்ல 'நாங்க எடுத்துக்கறோம்'னு சொல்றாங்களோ, இல்ல யார் ரேட் கம்மியோ, அவங்களுக்கு போகும்.

எங்களுக்கு அந்த மெயில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் வரும், ஏன்னா ஆஸ்பத்திரில வார இறுதிக்கு முன்னாடி படுக்கையை காலி பண்ணணும். ஆள் பேரு இருக்காது, பெண், 84 வயசு, போஸ்ட்கோடோட முதல் பாதி, கால் நேரம், 'நாளைக்கு காலைலேர்ந்து ஆரம்பிக்க முடியுமா', அவ்வளவுதான். இந்த நாலு வரியை வச்சுக்கிட்டு ஏற்கனவே இருக்கற ரவுண்டுக்குள்ள யாரை எங்க நுழைக்கிறதுன்னு மேப்பை பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன், அந்த தெருவுல ஏற்கனவே ஒரு கிளையண்ட் இருந்தா சரி, இல்லைன்னா ஒரே ஒருத்தருக்காக கேரர் இருபது நிமிஷம் வண்டி ஓட்டணும்.

ஃப்ரேம்வொர்க்ல இருக்கறதுன்னா வேலை நிச்சயம்னு வெளில இருக்கறவங்க நினைக்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. ஃப்ரேம்வொர்க்ங்கிறது வரிசைல நிக்க குடுத்த டோக்கன் மாதிரி, எத்தனை மணி நேரம் வாங்குவோம்னு கவுன்சில் எந்த உறுதியும் குடுக்காது. பிளாக் காண்ட்ராக்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு முன்கூட்டியே வாங்கிடுவாங்க, கம்பெனியும் அதை நம்பி கேரர்ஸை நிரந்தர சம்பளத்துல வைக்கலாம், ஆனா வாங்குன நேரம் வீணாப் போயிடுமோன்னு கவுன்சிலுக்கு பயம், அதனால அது குறைஞ்சுகிட்டே போச்சு. ஸ்பாட் பர்ச்சேஸ்ல தேவைப்படுறப்போ தேவைப்படுற அளவு. அங்க கவுன்சிலுக்கு நிச்சயம் வேண்டாம்னா கம்பெனிக்கும் நிச்சயம் இல்ல, கம்பெனிக்கு இல்லைன்னா கேரருக்கு ஜீரோ ஹவர் காண்ட்ராக்ட், அதாவது இத்தனை மணி நேரம்னு எந்த உறுதியும் இல்லாத வேலை. கிளையண்ட் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா அன்னைக்கு கேரரோட சம்பளம் போயிடும். நான் எத்தனை தடவை ஒரு கேரருக்கு ஃபோன் பண்ணி, அவங்க ஆறு மாசமா பார்த்துகிட்டவங்க இறந்துட்டாங்கன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல 'அதனால அடுத்த வாரம் உங்களுக்கு பத்து மணி நேரம் குறையுது'ன்னு சொல்லியிருக்கேன். அந்த வேலைல எனக்கு ரொம்ப கஷ்டமான ஃபோன் அதுதான்.

அப்புறம் நிமிஷக் கணக்கு. கேரர் வீட்டுக்குள்ள போனதும் மொபைல்ல ஒரு டேகை ஸ்கேன் பண்ணணும், வெளில வர்றப்போ மறுபடி. 30 நிமிஷ காலுக்கு 24 நிமிஷம்தான் இருந்தாங்கன்னா பல கவுன்சில்கள் 24-க்குதான் பணம் குடுக்கும், 38 நிமிஷம் இருந்தா அந்த எட்டு நிமிஷம் கம்பெனி தலைல. ஒரு வீட்லேர்ந்து அடுத்த வீட்டுக்கு போற நேரத்துக்கு தனியா பணமே கிடையாது, மணிக்கணக்கு ரேட்டுக்குள்ளயே அது அடங்கியிருக்குன்னு சொல்லுவாங்க. ஆனா 2013-லயே எம்ப்ளாய்மென்ட் அப்பீல் ட்ரிப்யூனல், அதாவது வேலை தகராறுகளுக்கான மேல்முறையீட்டு தீர்ப்பாயம், ஒரு ஹோம்கேர் ஊழியரோட வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, கால்களுக்கு நடுவுல பயணம் பண்ற நேரமும் குறைந்தபட்ச ஊதிய கணக்குல வரணும்னு. சட்டம் பயணத்தையும் சேர்த்து எண்ணுது, பில்லு எண்ணல, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துலதான் கம்பெனிகள் விழுந்துச்சு. 2015 செப்டம்பர்ல நைஸ்ங்கிற, மருத்துவம், பராமரிப்புக்கு வழிகாட்டுதல் எழுதுற அமைப்பு, பொதுவா ஒரு கால் அரை மணி நேரத்துக்கு குறையக் கூடாதுன்னு வழிகாட்டுதல் குடுத்துச்சு, அதுக்கப்புறமும் 15 நிமிஷ கால்கள் மறையல. 15 நிமிஷத்துல என்ன பண்ண முடியும்? கதவை திறந்து, கையை கழுவி, க்ளவ்ஸ் மாட்டி, மாத்திரையை குடுத்து, அதை ஷீட்ல எழுதி கையெழுத்து போட்டா முடிஞ்சுது. அவங்க வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச ஆரம்பிச்சா நாம கிளம்பணும்.

13 பவுண்டு 10 பென்ஸ்

அலைடு கதைக்கு வர்றதுக்கு முன்னாடி 2016-ஐ பார்க்கணும். மியர்ஸ்ங்கிற பெரிய கம்பெனி லிவர்பூல் கவுன்சிலோட ஹோம்கேர் காண்ட்ராக்டை திருப்பி குடுத்துச்சு, காரணம் கவுன்சில் குடுத்த ரேட் மணிக்கு 13.10 பவுண்டு. அந்த வருஷம் ஏப்ரல்லேர்ந்து தேசிய வாழ்வூதியம், அதாவது சட்டப்படி குடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்ச சம்பளம், மணிக்கு 7.20. என்னடா, கிட்டத்தட்ட டபுள் கிடைக்குதேன்னு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. நான் போட்ட தோராய கணக்கு இது: ஒரு மணி நேர வேலைக்கு 12 நிமிஷம் பயணம்னு வச்சா 7.20 வந்து 8.64 ஆகும், அதுக்கு மேல விடுமுறை சம்பளம் சேர்த்தா 9.68, முதலாளி அரசுக்கு கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்து மேல வர்ற சமூக காப்பீட்டு வரி) பென்ஷனும் ஒரு 65 பென்ஸ், மைலேஜ் ஒரு 75 பென்ஸ், ஆக 11.08. மிச்சம் ரெண்டு பவுண்டு சொச்சம். அதுலதான் ஆபீஸ் வாடகை, கோஆர்டினேட்டர் சம்பளம், ட்ரெயினிங், இன்சூரன்ஸ், க்ளவ்ஸ், ஏப்ரன், சி.க்யூ.சி ஃபீஸ் எல்லாம். ஒரு கேரருக்கு உடம்பு சரியில்லாம போனா அந்த ரெண்டு பவுண்டும் காலி. ஹோம்கேர் கம்பெனிகளோட சங்கம் அந்த வருஷம் குறைந்தபட்சம்னு சொன்ன ரேட் 16.70.

கவுன்சில் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. 2010-லேர்ந்து மத்திய அரசு குடுக்கற பணம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, சட்டப்படி செய்ய வேண்டியதை கைவிட முடியாது, அப்போ ரேட்டைத்தான் குறைக்க முடியும். ஆனா அந்த குறைப்பு எங்க போய் விழுந்துச்சுன்னு பாருங்க. 2017-ல மைட்டி கம்பெனி தன்னோட ஹோம்கேர் பிரிவை வெறும் 2 பவுண்டுக்கு வித்துச்சு, வாங்குனவங்களுக்கு நடத்துறதுக்கு 9.45 மில்லியன் பவுண்டு கையிலேர்ந்து வேற குடுத்துச்சு. காசு குடுத்து தலைமுழுகுன அளவுக்கு அந்த தொழில் அப்போ இருந்துச்சு.

அலைடு

அலைடு ஹெல்த்கேர் நாட்டோட பெரிய ஹோம்கேர் கம்பெனிகள்ல ஒண்ணு. 2015-ல சாகா கம்பெனிகிட்டேர்ந்து அதை வாங்குனது ஆரேலியஸ்ங்கிற ஜெர்மன் முதலீட்டு நிறுவனம், நலிஞ்ச கம்பெனிகளை வாங்கி நிமிர்த்தி விக்கிறது அவங்க தொழில். 2018 வசந்த காலத்துல அலைடு கடன்காரங்களோட ஒரு ஏற்பாடுக்கு போச்சு, கட்ட வேண்டியதை குறைச்சு, தள்ளி வச்சு, மூச்சு விட நேரம் வாங்குற மாதிரி. அந்த செய்தி வந்தப்பவே இந்த துறைல இருக்கறவங்களுக்கு வயித்துல புளியை கரைச்சுது.

இந்த இடத்துல சட்டத்தை கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஆய்வோட மையமே இதுதான். 2011-ல சதர்ன் கிராஸ்னு 750 முதியோர் இல்லம், 31,000 பேரை வச்சிருந்த கம்பெனி கவிழ்ந்துச்சு. அந்த அதிர்ச்சிலதான் 2014 கேர் ஆக்ட்ல ரெண்டு விஷயம் வந்துச்சு. ஒண்ணு, 48-வது பிரிவு: ஒரு கம்பெனி பொருளாதார ரீதியா விழுந்து சேவை நின்னா, அந்த ஊர்ல அவங்ககிட்ட கேர் வாங்கிட்டு இருந்த எல்லாரையும் கவுன்சில் தற்காலிகமா பார்த்துக்கணும், சொந்த காசுல வாங்கிட்டு இருந்தவங்களையும் சேர்த்து. கவுன்சில் வேலையை வெளில குடுக்கலாம், பொறுப்பு வாசலுக்கு திரும்பி வந்துடும். இன்னொண்ணு, பெரிய கம்பெனிகளோட பண நிலைமையை சி.க்யூ.சி கவனிக்கணும், ஹோம்கேர்ல வாரத்துக்கு 30,000 மணி நேரம் குடுக்கறவங்க, இல்ல 2,000 பேருக்கு மேல பார்த்துக்கறவங்க, இப்படி ஒரு அளவு வச்சிருக்காங்க. ஆனா சி.க்யூ.சி-யால பணம் போட முடியாது, நிர்வாகத்தை எடுத்துக்க முடியாது, கம்பெனியை காப்பாத்துறது அதோட வேலையே இல்ல. கம்பெனி விழ வாய்ப்பு அதிகம், அதனால சேவையும் நிக்க வாய்ப்பு அதிகம், ரெண்டும் சேர்ந்து இருந்தாதான் கவுன்சிலுக்கு சொல்லலாம். சி.க்யூ.சி-யோட கண்காணிப்புல இருக்கற ஆறு கட்டத்துல அதுதான் கடைசி கட்டம். 2015-ல இந்த கண்காணிப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த கடைசி கட்டத்தை முதல் தடவையா பயன்படுத்துனது 2018 நவம்பர் 5-ல. அப்போ வயதுவந்தோர் பராமரிப்புக்கு தலைமை ஆய்வாளரா இருந்த ஆண்ட்ரியா சட்க்ளிஃப்தான் பொதுவெளில அறிவிச்சாங்க.

கம்பெனி கொதிச்சுது. எங்ககிட்ட திட்டம் இருக்கு, இது அவசரப்பட்ட அறிவிப்பு, தேவையே இல்லாததுன்னு சொன்னாங்க. அவங்க கோபத்துல ஒரு நியாயம் இருக்கு. விழப்போகுதுன்னு வெளில சொன்ன மறு நிமிஷமே கவுன்சில் புது பேக்கேஜ் குடுக்காது, இருக்கறதை எடுக்க ஆரம்பிக்கும், கேரர்ஸ் வேற கம்பெனில அப்ளை பண்ணுவாங்க, அப்போ விழாம இருந்திருக்கக் கூடியதும் விழும். ஆனா சொல்லாம இருந்து, டிசம்பர் 1-ம் தேதி காலைல 9,300 பேர்ல பாதி பேர் வீட்டுக்கு யாரும் வரலைன்னா? என்னைக் கேட்டா சி.க்யூ.சி சொன்னது சரி. 25 நாள் கிடைச்சுது, அதுவே பெருசு. தப்பு என்னன்னா, வீடு எரியுறப்போ மணி அடிக்க மட்டும் ஒரு ஏற்பாடு வச்சுட்டு, எரியாம இருக்க ரேட்டை யார் சரி பண்றதுன்னு ஏற்பாடு இல்லாததுதான். அதே கேர் ஆக்ட் 5-வது பிரிவு, உங்க ஊர்ல பராமரிப்பு சந்தை நிலைச்சு இருக்கற மாதிரி கவுன்சில் பார்த்துக்கணும்னு சொல்லுது. குறைந்தபட்ச ஊதியம், பயண நேரம் எல்லாத்துக்கும் கட்டுபடி ஆகுற மாதிரி இருக்கணும்னு வழிகாட்டுதல்லயும் இருக்கு. அதுக்கு பணம் கூட வரல.

கடைசில நவம்பர் முடியுறப்போ சி.ஆர்.ஜி-ங்கிற இன்னொரு பராமரிப்பு கம்பெனி அலைடை வாங்குச்சு. எல்லாரும் பயந்த மாதிரி ஒரே நாள்ல மொத்தமும் நிக்கல. செய்தியும் அதோட ஓஞ்சு போச்சு.

கை மாறுறப்போ என்ன தொலையுது

கம்பெனி மாறுனா என்ன, யாரோ ஒருத்தர் வந்து பார்த்துக்குறாங்கல்லன்னு சிலர் கேப்பாங்க. அதுக்கு நான் பார்த்த ஒண்ணை சொல்றேன், இது அலைடு இல்ல, அதுக்கு முந்தின வருஷம், பேர் வேண்டாம், ஒரு சின்ன கம்பெனி தாக்குப்பிடிக்க முடியாம பேக்கேஜ்களை கவுன்சில்கிட்ட திருப்பி குடுத்தாங்க, அதுல ஒரு பாட்டி எங்ககிட்ட வந்தாங்க. தனியா இருக்கறவங்க, சர்க்கரை நோய். ப்ரோக்கரேஜ் அனுப்புன கேர் பிளான்ல காலை எட்டு மணிக்கு கால், வாஷ், டிரெஸ், பிரேக்ஃபாஸ்ட், மாத்திரைன்னு இருந்துச்சு. எங்ககிட்ட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு ஒருத்தி முதல் நாள் போனா. கீ சேஃப்ல கோட் போட்டு சாவி எடுத்து உள்ள போய், கஞ்சி காய்ச்சி மேசைல வச்ச நேரத்துல எனக்கு ஃபோன். "அக்கா, மனுசிக்கு இன்சுலின் இருக்கு போல. ஃபிரிட்ஜுக்கு மேல நர்ஸின்ர ஃபோல்டர் கிடக்கு. எங்கட ஃபைல்ல ஒண்டுமே எழுதேல்லை. சாப்பாடு குடுக்கட்டோ, வேண்டாமோ?"

விசாரிச்சா, டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், அதாவது வீட்டுக்கே வர்ற நர்ஸ், எட்டரை மணிக்கு வந்து ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் சாப்பாடு. பழைய கேரர் ரெண்டு வருஷமா அப்படித்தான் பண்ணிட்டு இருந்திருக்காங்க, நர்ஸ் வர்ற வரைக்கும் குளிப்பாட்டி தலை வாரி விட்டு காத்திருந்து, வந்ததும் சாப்பாடு. எந்த பிளான்லயும் அது இல்ல, அந்த கேரரோட தலைக்குள்ள இருந்துச்சு. டெண்டர் பேப்பர்ல தரத்துக்கு மார்க் போடுறாங்க, விலைக்கு மார்க் போடுறாங்க, இதுக்கு எந்த கட்டமும் கிடையாது. நாங்க காலை எட்டே காலுக்கு மாத்தி வச்சோம், அந்த கால் மணி நேரத்துக்கு ப்ரோக்கரேஜோட மூணு மெயில் போச்சு. அன்னைக்கு அவ கிளம்புறப்போ பாட்டி கையைப் பிடிச்சுகிட்டு கேட்டாங்களாம், "நாளைக்கும் நீதானே வர்றே, லவ்?" அவளுக்கு அடுத்த நாள் ரோட்டாவுல வேற ரவுண்ட் போட்டிருந்தது நான்தான். மாத்தி குடுத்தேன்.

அதுக்கு அப்புறம்

2022-ல அரசு கவுன்சில்கள் எல்லாத்தையும் 'நியாயமான பராமரிப்புச் செலவு' கணக்கு எடுக்க சொல்லுச்சு, கம்பெனிகள் தங்களோட உண்மையான செலவை காட்டுச்சு, பல ஊர்ல குடுக்கற ரேட்டுக்கும் அதுக்கும் இடைவெளி வெளிச்சத்துக்கு வந்துச்சு. அதோட கட்டியிருந்த, பராமரிப்புக்கு மக்கள் கட்டுற கட்டணத்தை மாத்துற சீர்திருத்தத்தை தள்ளி வச்சாங்க, 2024 ஜூலைல கைவிட்டாங்க. 2025 ஏப்ரல்ல வாழ்வூதியம் 12.21 ஆச்சு, முதலாளியோட நேஷனல் இன்சூரன்ஸ் 15 சதவீதம் ஆச்சு, சங்கம் அந்த வருஷத்துக்கு சொன்ன குறைந்தபட்ச ரேட் மணிக்கு 32.14. அந்த ரேட்டுக்கு கம்மியா குடுத்து வாங்குன கவுன்சில் அப்பவும் இருந்துச்சு.

நம்ம ஆட்களுக்கு இது நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம். 2022 பிப்ரவரில கேரர் வேலைக்கு விசா திறந்தாங்க, தமிழ்நாட்லேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் நிறைய பேர் வந்தாங்க, ஏஜென்ட்டுக்கு நகையை அடகு வச்சு குடுத்து வந்தவங்க இருக்காங்க. வந்து பார்த்தா சில கம்பெனில மணி நேரமே இல்ல, ஏன்னா கவுன்சில் அந்த கம்பெனிக்கு எந்த மணி நேரமும் உறுதி குடுக்கல, ஃப்ரேம்வொர்க்ல பேரு மட்டும் இருக்கும், சில இடத்துல அதுவும் இல்ல. கம்பெனியோட ஸ்பான்சர் லைசன்ஸ், அதாவது விசால ஆள் எடுக்கற அனுமதி, போச்சுன்னா 60 நாளுக்குள்ள வேற இடம் தேடணும். 2025 ஜூலை 22-லேர்ந்து வெளிநாட்லேர்ந்து புதுசா ஆள் எடுக்கறதையும் நிறுத்திட்டாங்க. இங்க வர்றதுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இல்ல இங்கயே கம்பெனி மாறுறதுக்கு முன்னாடி, அந்த கம்பெனிக்கு எந்த கவுன்சிலோட காண்ட்ராக்ட் இருக்கு, பிளாக்கா ஸ்பாட்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எழுத்துல குடுப்பாங்க, பயண நேரத்துக்கு சம்பளம் உண்டான்னு கேளுங்க. கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க.

கமிஷனிங்ல, அதாவது கவுன்சிலுக்காக பராமரிப்பை வாங்குற பிரிவுல, வேலை பார்க்கறவங்க யாராவது படிச்சா, ரெண்டே ரெண்டு கேட்டுக்கறேன். கேரர் உள்ள இருந்த நிமிஷத்துக்கு பணம் குடுக்காம அவங்களோட ஷிஃப்டுக்கு பணம் குடுங்க, பயணமும் காத்திருக்கறதும் அதுக்குள்ள வரட்டும். அப்புறம் ஒரு பேக்கேஜ் கை மாறுறப்போ, பழைய கேரரும் புது கேரரும் சேர்ந்து ஒரு கால் போறதுக்கு காண்ட்ராக்ட்ல காசு ஒதுக்குங்க. முப்பது நிமிஷம் போதும், நர்ஸ் எத்தனை மணிக்கு வருவாங்கன்னு அதுல தெரிஞ்சுடும்.